சொப்பன ஸ்கலிதம்: ஆண் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

2012 ஆம் ஆண்டு புரட்டாசி மாதம். முல்லைத்தீவு மாவட்டத்தில் மீளக் குடியமர்ந்த ஒரு கிராமத்தில் காலபோக விதைப்புக்காக எமது சுழற்சி நிதியிலிருந்து விதைநெல் கொடுத்திருந்தோம். இரண்டு ஏக்கர் வயலுக்கு நான்கு புசல். கொடுத்து இரண்டு கிழமை கூட ஆகவில்லை. ஒரு தகப்பன் மாலை நேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து படலையடியில் நின்றார். இன்னும் நான்கு புசல் கடனாகத் தரமுடியுமா என்று கேட்டார்.

"ஐயா, தந்த நெல்லுக்கு என்ன நடந்தது?"

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "வித்துப்போட்டன் பாதர். மூத்தவனுக்கு மருந்து வாங்க வேண்டியதாப் போச்சு" என்றார்.

மூத்தவனுக்குப் பதினேழு வயது. காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. செல்லடியிலும் தப்பி, முகாமிலும் தப்பி வந்த பிள்ளை. என்ன வருத்தம் என்று கேட்டேன். தகப்பன் குரலைத் தாழ்த்தினார். "நித்திரையில தாது போகுதாம். பட்டினத்தில ஒரு வைத்தியர் பார்த்தவர். இப்பிடியே விட்டா ஆள் உருகிப் போயிடுவான், கலியாணங் கட்டேலாது எண்டு சொன்னவர். மூண்டு மாத லேகியமும் சூரணமும்."

முதல் மாத மருந்துக்கே விதைநெல் போய்விட்டது. இரண்டாம் மாதத்துக்கு மனைவியின் தோடு அடைவுக்குப் போக ஆயத்தமாக இருந்தது. அந்தப் பிள்ளையோ தான் சாகப் போகிறேன் என்ற எண்ணத்தில் பாடசாலைக்கும் போகாமல், சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டு, வீட்டின் பின் தாழ்வாரத்தில் சுருண்டு கிடந்தான்.

அந்த விதைநெல்லை விழுங்கிய விடயம் பற்றித்தான் இக்கட்டுரை. இதனை வாசிக்கும் அம்மாமார் முகஞ் சுழிக்காமல் தொடர்ந்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஐயாமார் பக்கத்தைப் புரட்டாமல் இருக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள்தான் முதலில் புரட்டுவார்கள் என்பது அனுபவம்.

எமது சமூகத்தில் பெண் பிள்ளை பெரியபிள்ளையானால் ஊருக்கே தெரியும். தண்ணீர் வார்க்க மாமி வருவார். கடன் பட்டாவது சாமத்தியச் சடங்கு செய்வோம். ஒலிபெருக்கி கட்டுவோம், வீடியோவும் எடுப்போம். ஆண் பிள்ளை பெரியவனாகும்போது என்ன செய்கிறோம்? ஒன்றுமில்லை. ஒரு நாள் விடியப்புறம் அவன் நனைந்த சாரத்துடன் விழிக்கிறான். தனக்கு ஏதோ பொல்லாத வருத்தம் வந்துவிட்டது என்று எண்ணி, எவரும் எழும்ப முன் கிணற்றடிக்குப் போய்ச் சாரத்தைக் கசக்கிப் போடுகிறான். அவ்வளவுதான் அவனுடைய சடங்கு.

எனக்கும் அப்படித்தான். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது எனக்குப் பதினான்கு வயது. தென்மராட்சியில் ஒரு பாடசாலையின் வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள் இருந்தோம். வாங்குகளை நிமிர்த்தி வைத்து மறைப்புச் செய்திருந்தார்கள். அம்மா, தங்கைமார், அம்மம்மா, பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் பாயோடு பாய் முட்டப் படுத்தோம். அந்த இடத்தில்தான் முதற்தடவை அது நடந்தது. எனக்கென்று இருந்தது இரண்டு சாரம். கிணற்றடியில் விடியப்புறம் நான்கு மணிக்கே வாளியுடன் வரிசை நிற்கும். அன்று முழுநாளும் ஈரச்சாரத்தை எங்கே காயப்போடுவது என்பதே என் கவலை. யாரிடம் கேட்பது? அப்பா விறகு தேடிப் போய்விடுவார். பெரிய பெடியன்களிடம் கேட்டால் பகிடி பண்ணுவார்கள். நான் யாரிடமும் கேட்கவில்லை. நான்கு வருடங்களின் பின்னர்தான் ஒரு வயோதிபக் குருவானவர், உயிரியல் படம் ஒன்றைக் கரும்பலகையில் கீறி, வெட்கமில்லாமல் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். அவரிடம் கற்றதையும், பின்னர் வைத்திய நண்பர்களிடம் கேட்டறிந்ததையும், வாசித்ததையும் இங்கே தருகிறேன்.

ஆண் பிள்ளைகளில் கட்டிளமைப் பருவ மாற்றங்கள் பெரும்பாலும் ஒன்பது வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடையில் தொடங்குகின்றன. போசாக்குக் குறைந்த பிள்ளைகளில் இது பிந்தும். இடப்பெயர்வுக் காலத்தில் கஞ்சியோடு வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பலர் பிந்தித்தான் வளர்ந்தார்கள். மூளையின் அடியில் பயறளவில் இருக்கும் கபச்சுரப்பி, விதைகளுக்கு ஒரு சமிக்ஞை அனுப்புகின்றது. இந்தச் சமிக்ஞை ஆரம்ப காலத்தில் பகலை விட இரவில், நித்திரையில்தான் கூடுதலாகச் செல்கின்றது. அதன்பின் விதைகள் ஆண் ஓமோனைச் சுரக்கின்றன. குரல் உடைகின்றது. மீசை அரும்புகின்றது. விந்துக் கலங்கள் உண்டாகத் தொடங்குகின்றன. ஒரு விந்துக் கலம் உருவாகி முற்ற ஏறத்தாழ இரண்டரை மாதம் எடுக்கும். எங்கள் குறுங்கால நெல்லுக்கு எடுக்கும் காலத்தை விடச் சற்றுக் குறைவு என்று சொல்லலாம். ஆனால் நெல்லைப் போல் ஒரு போகம் விதைத்து ஒரு போகம் அறுப்பதல்ல இது. நாள்தோறும் இலட்சோப இலட்சமாக விதைப்பும் விளைச்சலும் ஒன்றாகவே நடந்துகொண்டிருக்கும்.

இனி நித்திரைக்கு வருவோம். நித்திரை ஒரே சீரானதல்ல. ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கனவு காணும் நித்திரை வந்து போகின்றது. ஓர் இரவில் நாலைந்து தடவை. அந்த வேளைகளில் சுகதேகியான ஆணின் உறுப்பு தானாகவே விறைக்கும். காணும் கனவு எதுவாக இருந்தாலும் விறைக்கும். பாலகனிலும் இது உண்டு, கிழவனிலும் உண்டு. விடியப்புறம் விறைத்திருப்பதும் அந்த வரிசையில் கடைசி முறைதான். சலம் முட்டி நிற்பதால்தான் அப்படி என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது சரியல்ல. இப்படி விறைத்திருக்கும் வேளையில் சில இரவுகளில் விந்தும் வெளியேறி விடுகின்றது. கனவு ஞாபகத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கனவில் பெண் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதுவே சொப்பன ஸ்கலிதம்.

மழைக்காலத்தில் குளம் நிரம்பி வான் பாய்வது போல என்று விளங்கப்படுத்துவது எங்கள் கமக்காரருக்கு உடனே பிடிபடும். நானும் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் இந்த உவமையை அணைக்கட்டு முழுவதும் இழுத்துக்கொண்டு போகக்கூடாது. குளத்துக்கு வான் இல்லாவிட்டால் கட்டு உடைக்கும். உடம்போ அப்படியல்ல. வெளியேறாத விந்துக் கலங்களை உடம்பே கரைத்து உள்வாங்கிக்கொள்ளும். ஆகவே சொப்பன ஸ்கலிதம் நடந்தாலும் சுகந்தான், ஒருபோதும் நடக்காவிட்டாலும் சுகந்தான். கிழமைக்கு ஒரு தடவை நடப்பவனும் இருக்கிறான், வருடத்தில் ஓரிரு தடவை நடப்பவனும் இருக்கிறான். கணக்கு வைத்துப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் அல்பிரட் கின்சி என்பவர் 1948 இல் வெளியிட்ட ஆய்வில், தன்னிடம் விபரம் சொன்ன ஆண்களில் ஏறத்தாழ 83 சதவீதமானோருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது நடந்திருக்கிறது என்று கண்டார். நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் வருகின்ற ஒன்றை நோய் என்று எப்படிச் சொல்வது?

பொதுவாக இது இருபது வயதுவரை கூடுதலாக இருந்து, வயது ஏற ஏறக் குறையும். திருமணத்தின் பின் பலரில் குறைந்துவிடும் அல்லது நின்றுவிடும். மனைவியைப் பிரிந்திருக்கும் காலத்தில் சிலருக்குத் திரும்பவும் வரலாம். தடுப்பிலிருந்து விடுதலையாகி வந்த நாற்பது வயதுக் குடும்பஸ்தர் ஒருவர் என்னிடம் இதைக் கேட்பதற்கு மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் மாட்டைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார். நாலாம் முறைதான் கேட்டார்.

காரணங்கள் என்று ஊரில் சொல்லப்படுபவற்றையும் பார்ப்போம். முட்டை, முருங்கைக்காய், வெங்காயம், நண்டு என்பன உடம்பைச் சூடாக்கி விந்தைக் கலக்கும் என்பார்கள். அப்படியொன்றும் இல்லை. வளரும் பிள்ளைக்கு முட்டையை நிறுத்துவதுதான் கேடு. மல்லாந்து படுப்பதாலும் வருவதில்லை. மோகினி வந்து போகிறாள் என்று நூல் கட்டிய வீடுகளும் உண்டு. மோகினி பாவம், வகுப்பறையில் ஐந்து குடும்பம் படுத்திருந்த இடத்தில் அவள் எங்கே கால் வைத்திருப்பாள்?

எல்லாவற்றிலும் ஆழமாக வேரோடியது இரத்தக் கணக்கு. ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தம் என்பார் சிலர். அறுபது, நூறு என்பாரும் உண்டு. இதன் மூலம் எங்கள் பழைய வைத்திய முறையில் உள்ளது. உண்ணும் உணவு சாரமாகி, சாரம் இரத்தமாகி, பின்னர் ஊன், கொழுப்பு, என்பு, மூளை எனப் படிப்படியாக மாறி, ஈற்றில் ஏழாவது உடற்கட்டாகச் சுக்கிலம் ஆகின்றது என்பது அக்கணக்கு. அக்காலத்து அறிவில் அது பெரிய சிந்தனைதான். சித்த, ஆயுள்வேத வைத்தியத்தை நான் குறை சொல்ல வரவில்லை. என் அம்மம்மாவின் முழங்கால் வலியைச் சுகமாக்கியது அதுதான். ஆனால் விந்து இரத்தத்திலிருந்து வடிவதில்லை என்பது இன்று ஐயத்துக்கிடமின்றித் தெரியும். அதில் பெரும்பகுதி சுக்கிலப் புடகங்களிலும் முன்னிற்கும் சுரப்பியிலும் சுரக்கும் நீர். விந்துக் கலங்கள் அதில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட வராது. ஒரு தடவை வெளியேறுவது சராசரியாக ஒரு தேக்கரண்டியிலும் குறைவு. அதிலுள்ள புரதம் ஒரு முட்டையில் உள்ளதன் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு பிடி பருப்புச் சோற்றில் அதைவிடக் கூடக் கிடைக்கும்.

இந்தப் பயம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. 1760 அளவில் சுவிற்சர்லாந்து வைத்தியர் திசோ என்பவர், விந்து போவதால் மூளையும் கண்ணும் கெடும் என்று ஒரு புத்தகம் எழுதி ஐரோப்பா முழுவதையும் பயங்காட்டினார். அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சு வைத்தியர் லல்லமான் என்பவர், இதற்கு மருந்தென்று சலக்குழாயினுள் சில்வர் நைத்திரேற்றுச் செலுத்திச் சுட்டார். நித்திரையில் விறைத்தால் குத்தி எழுப்பும்படி முள்வளையங்களும் அங்கே விற்பனையாகின. அந்த நாடுகள் அந்தப் பயத்தைக் கடந்துவிட்டன. எங்கள் பக்கம் அது நிலைத்துவிட்டது. விந்து போகிறது என்ற கவலையாலேயே களைப்பு, நெஞ்சுப் படபடப்பு, நித்திரையின்மை, பசியின்மை என்பன ஏற்படுவதை இந்திய மனநல வைத்தியர் நரேந்திர நாத் விக் 1960 இல் தனியொரு நோய்க்குறித் தொகுப்பாக எடுத்துக்காட்டி, தாது என்ற சொல்லாலேயே அதற்குப் பெயரிட்டார். அதாவது ஆளை உருக்குவது வெளியேறும் விந்து அல்ல. அதைப் பற்றிய பயம்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இதைப் பாவம் என்று சொல்லி அழுத பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். ஆகையால் இதையும் சொல்லவேண்டும். லேவியர் ஆகமம் 15 ஆம் அதிகாரம் இதைப் பற்றிப் பேசுகின்றது. உடம்பைத் தண்ணீரில் கழுவிக்கொள், மாலைவரை தீட்டு என்பதுடன் அது முடிகின்றது. பரிகாரப் பலி எதுவும் கேட்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இக்கேள்வியை நேரடியாக எடுத்து, நித்திரையில் மனிதனின் பகுத்தறிவு சுயாதீனமாக இல்லை, எனவே நித்திரையில் நடப்பது தன்னளவில் பாவமாகாது என்று தெளிவாக எழுதினார். இவ்வளவு காலத்தின் பின்னும் எங்கள் பிள்ளைகள் நன்மை எடுக்கப் பின்வாங்குகிறார்கள் என்றால், தவறு பிரசங்க மேடையில் நிற்கும் எங்களுடையது.

அப்படியானால் பிள்ளை ஏன் களைத்துப்போயிருக்கிறான்? களைப்பு உண்மை, காரணம்தான் வேறு. வன்னியில் அந்த நாட்களில் களைத்த பிள்ளையைக் கண்டால் முதலில் மலேரியாவையே சந்தேகிக்க வேண்டியிருந்தது. 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. ஆனால் இரத்தச்சோகை, பூச்சி, போதாத சாப்பாடு, போதாத நித்திரை ஆகியவை இன்னும் உண்டு. மனப்பாரமும் உண்டு. பதின்மூன்று வயதில் தன் கண்முன் இனசனத்தைப் பறிகொடுத்த பிள்ளைக்கு இரவில் நித்திரை வராமல், பகலில் உடம்பு இழுத்துப் போவதற்கு விந்தையா காரணம் சொல்வது? அதற்கு லேகியம் கொடுத்தால் லேகியம் முடியும், பாரம் முடியாது. அந்த மருந்துகளில் சிலவற்றில், சரியாகச் சுத்தி செய்யப்படாத இரசமும் ஈயமும் இருந்து சிறுநீரகத்தைப் பழுதாக்கிய சம்பவங்களை வைத்தியர்கள் அறிவார்கள். பெயர் தெரியாத போத்தலில், என்ன இருக்கிறது என்று எழுதாமல் தரும் எந்த மருந்தையும் வாங்கவேண்டாம்.

சலம் வெள்ளையாகப் போகிறது என்று காட்ட வருபவர்களும் பலர். சில வேளைகளில் சலத்தில் உப்புப் படிந்து கலங்கலாகப் போகும். அது விந்து அல்ல. மலங்கழிக்க முக்கும்போது வழுவழுப்பாக ஒரு சொட்டு வருவதும் பெரும்பாலும் முன்னிற்கும் சுரப்பியின் நீர்தான்.

ஆனால் விழித்திருக்கும்போது சீழ் போல வடிந்தாலோ, சலம் போகும்போது எரிந்தாலோ, விந்தில் இரத்தம் கண்டாலோ, விதையில் நோவோ வீக்கமோ இருந்தாலோ அது வேறு விடயம். வெட்கப்படாமல் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இளம் பிள்ளைக்குத் திடீரென ஒரு பக்க விதையில் கடும் நோவு எழுந்தால் விடியட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது. விதை முறுகியிருக்கலாம். ஒருசில மணித்தியாலங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் அந்த விதையை இழக்க நேரிடும். பதினான்கு வயது முடிந்தும் வளர்ச்சியின் எந்த அறிகுறியும் தென்படாவிட்டாலும் வைத்தியரிடம் காட்டுவது நல்லது. பிள்ளை சாகவேண்டும் போல இருக்கிறது என்று ஒரு சொல் சொன்னாலும் அதைப் பகிடியாக எடுக்கவேண்டாம். ஆவட்டச் சொல் என்று தள்ளவும் வேண்டாம். அன்றைக்கே அவனைத் தனிய விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பூச்சிமருந்துப் போத்தல்களைப் பூட்டி வையுங்கள்.

அந்தத் தகப்பனின் கதைக்கு வருகிறேன். மறுநாள் மகனைக் கூட்டி வரச் சொன்னேன். பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி இருந்தான். "தம்பி, எனக்கும் உன்ர வயசில வந்தது" என்றேன். நிமிர்ந்து பார்த்தான். குருவானவருக்கும் வருமா என்பது போல ஒரு பார்வை. பிறகு தகப்பனைப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு?" என்று கேட்டேன். மனுசன் சால்வையால் முகத்தைத் துடைத்தார். வெளியே வேலியைப் பார்த்தார். "வந்ததுதான் பாதர். ஆரிட்டச் சொல்றது?" என்றார். மகனுக்கு அந்த ஒரு வசனம் போதும் போல இருந்தது. நான் கரும்பலகையில் கீற ஆயத்தமாக வைத்திருந்த படத்துக்கு வேலையே வரவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தபோது இரத்தச்சோகை தெரிந்தது. பூச்சி மருந்தும் இரும்புக் குளிசையும் கொடுத்தார்கள். ஒரு சதமும் வாங்கவில்லை.

தோடு அடைவுக்குப் போகவில்லை. விதைநெல்லுக்குச் சங்கத்தில் கதைத்து இரண்டு புசல் ஒழுங்கு செய்தோம். மற்ற இரண்டு புசலையும் தமையன்காரன் கொடுத்தார். அந்த முறை ஒரு ஏக்கர் பிந்தித்தான் விதைபட்டது.

தகப்பன்மாருக்கு எப்படித் தொடங்குவது என்பதுதான் கஷ்டம். நேரே இருத்தி வைத்துப் போதிக்க வேண்டாம். பிள்ளைக்கு நாங்களும் கூசுகிறோம் என்பது தெரிந்துவிடும். வரம்பு கட்டும்போது, வலை பொத்தும்போது, கை வேலையாக இருக்கும்போது சொல்லுங்கள். பன்னிரண்டு வயதளவில், முதலாவது தடவை வருவதற்கு முன்னரே சொல்லுங்கள். "நித்திரையில இப்பிடி ஒண்டு வரும், எனக்கும் வந்தது, கழுவிப்போட்டுப் படு" என்பது போதும். தகப்பன் இல்லாத வீடுகள் எங்களிடம் மிகப் பல. அங்கே தாய்மாமனோ, சித்தப்பாவோ, பாடசாலையில் நம்பிக்கையான ஓர் ஆசிரியரோ அதைச் சொல்லட்டும். வேறு ஒருவரும் இல்லாவிட்டால் தாயே சொல்லலாம். போரில் கணவனை இழந்த ஒரு தாய் சாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது வளர்த்தி ராசா, வருத்தமில்லை" என்று சொன்னதாக அவருடைய மகன் வளர்ந்த பின் எனக்குச் சொன்னான்.

சாரத்திலோ பாயிலோ கறையைக் கண்டால் மற்ற உடுப்புகளுடன் சேர்த்துத் தோய்த்துக் காயப்போட்டு விடுங்கள். தங்கைமார் முன்னிலையில் கேட்கவேண்டாம். அவனுக்கு மூன்றாவதாக ஒரு சாரம் வாங்கிக் கொடுக்க வசதி இருந்தால், அறுவடை மட்டும் பார்த்திருக்காமல் இப்போதே வாங்கிக் கொடுங்கள்.